வண்டி ஆர்முடுகும்போது எழும் அதிர்வு: காரணம் காணும் முறை

மோட்டார் வண்டியின் உறுப்புகளிற் பெரும்பாலானவை சுழல்வன. சுழலும் பொருள் எதுவும் சிறிதளவேனும் அதிராமற் சுழல்வதில்லை. அவ்வதிர்வு வண்டியில் அமர்ந்திருப்போர் உணராத அளவில் நிற்கும்வரை அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அக்சிலறேற்றர் மிதியை அழுத்தியவுடன் தரையும் இருக்கையும் நடுங்கி, காலை எடுத்தவுடன் அந்நடுக்கம் அடங்கிவிடுமாயின், வண்டிக்கு ஏதோ நோய் கண்டுள்ளது என்பது தெளிவு. அந்நோயின் முதலை எவ்வாறு நாடுவது என்பதைப் பௌதிகம் பயிலும் மாணவர்க்கும் வண்டி வைத்திருக்கும் பழைய மாணவர்க்கும் ஒருங்கே பயன்படுமாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வதிர்வின் காரணம் சில வேளைகளில் வெடித்துப்போன ஒரு றப்பர்த் துண்டாக இருக்கும்; சில வேளைகளில் கழன்றுகொண்டிருக்கும் சில்லு நட்டாக இருக்கும். முன்னையது சில நாள் பொறுக்கும். பின்னையது உயிருக்கே உலையாகும். காலி வீதியில் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது ஒளிந்திருக்கும் குறை, 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை அணுகும்போது வெளிப்படலாம். பொருட்செலவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரையில் 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இத்தகைய நாட்டில் உள்ள வண்டியைப் பேணிக்கொள்வது ஒரு கடமையாகிவிடுகிறது. காரணம் அறியாது பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஒரு பாகத்தின்பின் மற்றொரு பாகமாக வாங்கி மாற்றுவோர், பணத்தை இழந்தபின்னும் அதிர்வோடே வீடு திரும்புவர்.

மூவகை அதிர்வு

அதிர்வு எதனைப் பின்பற்றி மாறுகிறது என்பதே முதல் வினா. இதற்கு மூன்று விடைகள் உள.

முதலாவது, வண்டியின் வேகத்தைப் பின்பற்றும் அதிர்வு. சில்லு, ரயர், பின்சில்லுகளுக்கு வலுவைக் கொண்டுசெல்லும் நெடுந்தண்டு ஆகியன இதற்குக் காரணமாகலாம். இரண்டாவது, எஞ்சினின் சுழற்சியைப் பின்பற்றும் அதிர்வு. வண்டி நின்றிருந்தாலும் எஞ்சினை விரைவாக ஓட்டினால் இது தோன்றும். மூன்றாவது, சுமையைப் பின்பற்றும் அதிர்வு. மிதியை அழுத்தி முறுக்கத்தை மிகுவித்தால் எழும். காலை எடுத்தால் அடங்கும். நம் ஆராய்ச்சிக்குரியது பெரும்பாலும் இம்மூன்றாம் வகையே. எனினும் முதலிரு வகைகளையும் விலக்கிய பின்னரே அதனை உறுதியாகக் கூறல் இயலும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். 30 கிராம் நிறை சில்லின் ஒரு பக்கத்தில் மட்டும், மையத்திலிருந்து 18 சென்ரிமீற்றர் தூரத்தில், மிகையாக உள்ளதெனக் கொள்வோம். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் அது சில்லை இழுக்கும் விசை ஏறக்குறைய 30 நியூற்றன். அதாவது 3 கிலோகிராம் நிறையின் பாரம். வேகம் பாதியானால் விசை நாலிலொன்றாகும். இவ்விசை வேகத்தையே சார்ந்தது. கால் மிதியின்மேல் இருந்தாலென்ன, எடுபட்டாலென்ன, சமநிலை இழந்த சில்லு அவ்வேகத்தில் ஒரே அளவாகவே உதறும். ஆகவே காலை எடுத்தவுடன் அடங்கும் அதிர்வுக்குச் சில்லுச் சமநிலை காரணமாதல் அரிது. சில்லுகளை மட்டும் சமநிலைப்படுத்திவிட்டு நோய் தீருமென்று எதிர்பார்ப்போர் ஏமாறுவது இதனாலேயே.

மீடிறன் காட்டும் வழி

அதிர்வின் மீடிறனும் ஒரு சாட்சியாகும். பின்சில்லால் இயங்கும் பழைய வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1948இல் இலண்டனில் முதன்முதற் காட்சிக்கு வைக்கப்பட்ட மொறிஸ் மைனர் இவ்வகையினது; பேணிப் பாதுகாக்கப்பட்டவை இன்றும் நம் வீதிகளிற் காணப்படுகின்றன. ரயரின் விட்டம் 60 சென்ரிமீற்றர் என்றும், பின்னச்சின் பல்விகிதம் 4 என்றும் கணக்கின் இலகுவுக்காகக் கொள்க. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு செக்கனுக்கு ஏறக்குறைய 12 தடவை சுழலும். நெடுந்தண்டு 47 தடவை சுழலும். உச்சக் கியரில் எஞ்சினும் அதே 47 தடவை, அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,800 தடவை சுழலும். நான்கு உருளைகள் கொண்ட எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு இரு உருளைகள் எரிதலால், செக்கனுக்கு 94 துடிப்புகள் எழும்.

செக்கனுக்குப் 12 அதிர்வை உடல் குலுக்கமாக உணரும். 47 அதிர்வு பாதங்களில் ஊறும் நடுக்கமாகும். 94 அதிர்வு செவிக்கு முரலலாகக் கேட்கும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. நெடுந்தண்டின் குறுக்குமூட்டுகள் ஒரு சுழற்சிக்கு இருமுறை அதிரும் இயல்பின. அதுவும் 94 ஆகிறது. எஞ்சினா, மூட்டா என்று செவியால் மட்டும் பிரித்தறிய இயலாது. அப்போது அதே வேகத்தில் மூன்றாங் கியருக்கு மாற்றுக. அதன் விகிதம் 1.4 எனின் எஞ்சின் 66 தடவையாக விரையும். தண்டோ 47 தடவையிலேயே நிற்கும். முரலலின் சுருதி உயர்ந்தால் குற்றம் எஞ்சினது, மாறாதிருந்தால் தண்டினது. ஏனையவற்றை மாறாது வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் இம்முறையை ஜோன் ஸ்ருவேட் மில் 1843இல் வெளியிட்ட தமது அளவையியல் நூலில் வேறுபாட்டு முறை என வகுத்தார். புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணரும் நம் தருக்க நூலாருக்கும் இது புதிதன்று.

குறுக்குமூட்டும் சமவேக மூட்டும்

குறுக்குமூட்டைப் பதினேழாம் நூற்றாண்டில் ஆராய்ந்தவர்களுள் றொபேட் ஹூக் குறிப்பிடத்தக்கவர். அம்மூட்டில் ஒரு குறைபாடு உண்டு. இரு தண்டுகளும் ஒரு கோணத்தில் நிற்குமாயின், முதற்றண்டு சீராகச் சுழன்றாலும் இரண்டாவது சீராகச் சுழலாது. கோணம் 10 பாகையாயின், அதன் வேகம் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை வீதம் கூடியும் குறைந்தும் வரும். இதனை நீக்கவே தண்டின் இரு முனைகளிலும் மூட்டு வைத்து, ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றொன்று ஈடுசெய்யுமாறு கவைகளை ஒரே தளத்தில் அமைப்பர்.

வண்டி ஆர்முடுகும்போது பின்னச்சு தான் சுழற்றும் திசைக்கு எதிராகத் திரும்ப முயல்கிறது. தட்டு வில்லுகள் வளைய, அச்சின் மூக்கு மேலெழுகிறது. மூட்டுகளின் கோணங்கள் சமமின்றிப் போக, ஈடுசெய்தல் குறைபடுகிறது. வில்லு தளர்ந்தும் மூட்டின் ஊசித்தாங்கிகள் தேய்ந்தும் இருப்பின் நடுக்கம் மிகும். காலை எடுத்ததும் மூக்கு தாழ்ந்து, நடுக்கமும் தாழ்கிறது. தண்டைக் கழற்றிப் பூட்டும்போது அதன் வழுக்குமூட்டை ஒரு பல் தவறிப் பொருத்தினாலும் கவைகள் தளம் மாறி இதே நோய் பிறக்கும். கழற்றுமுன் இரு பகுதிகளிலும் ஒரே கோட்டில் அடையாளம் இடுதல் அனுபவமிக்க மெக்கானிக்குகளின் வழக்கம்.

மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸே 1959இல் மினியையும் தந்தார். முன்சில்லால் இயங்கும் அவ்வண்டியில், அல்பிரட் றெஸெப்பா 1920களில் அமைத்த வகையைச் சேர்ந்த சமவேக மூட்டுகள் இடம்பெற்றன. இன்று கொழும்பில் ஓடும் சிறு கார்களிற் பெரும்பாலானவை இம்மரபின. பெரும்பாலும் இவற்றின் ஒவ்வோர் அரைத்தண்டிலும் சில்லுப் பக்கம் ஒன்றும் கியர்ப்பெட்டிப் பக்கம் ஒன்றுமாக இரு மூட்டுகள் உள்ளன. வெளிமூட்டு தேய்ந்தால் வண்டியை முழுதாகத் திருப்பும்போது டக்டக் என ஒலிக்கும். உள்மூட்டு மூன்று உருளிகள் உடையதாயின், அது தேய்ந்தபின் சில்லின் ஒவ்வொரு சுழற்சிக்கும் மும்முறை வண்டியைப் பக்கவாட்டில் உலுக்கும். மிதியை வலிதாக அழுத்தும்போது எழுந்து, காலை எடுத்தவுடன் மறையும் உலுக்கத்துக்கு இவ்வுள்மூட்டே முதற் சந்தேகத்துக்குரியது. மூட்டை மூடிய றப்பர் உறை கிழிந்து கிறீஸ் வெளியேற, மணலும் நீரும் உட்புகுவதே தேய்வின் தொடக்கம். கடலோரத்தில் வசிப்போர் அவ்வுறையை அடிக்கடி பார்த்துக்கொள்வது நலம்.

எஞ்சினும் அதன் தாங்கிகளும்

எஞ்சினை அடிச்சட்டத்தோடு இறுகப் பூட்டிய காலமும் உண்டு. 1931இல் கிறைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் வண்டியில் எஞ்சினை றப்பர்த் தாங்கிகளின்மேல் மிதக்கவிட்டுப் பெரும் மாறுதல் செய்தது. அத்தாங்கி எண்ணெய் ஊறிக் கிழிந்தால், முறுக்கம் ஏறும்போது எஞ்சின் சாய்ந்து, இரும்போடு இரும்பு தொட, துடிப்பு முழுவதும் உடலுக்குப் பாயும். நியூற்றலில் எஞ்சினை விரைவாக ஓட்டிப் பார்த்தால் முறுக்கம் குறைவாதலின் இக்குறை வெளிப்படாமற் போகலாம்.

ஓர் உருளை எரியத் தவறுவதும் அவ்வாறே. சுமை ஏறும்போது உருளையினுள் அமுக்கம் மிகும். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு மிகுந்த மின்னழுத்தம் வேண்டும். நலிந்த பிளக்கும் கொயிலும் அங்கே தோற்கும். புதிய வண்டிகளில் எஞ்சின் விளக்கு இதனை அறிவிக்கும். அது விட்டுவிட்டு ஒளிருமாயின் எரியாத பெற்றோல் புகைக்குழாயின் ஊக்கியைக் கெடுக்கும், தாமதித்தல் தகாது.

வண்டி நிலையிலிருந்து புறப்படும் கணத்தில் மட்டும் நடுங்கினால் கிளச் தட்டில் எண்ணெய் படிந்திருக்கலாம். தானியங்கிக் கியர் வண்டி மிதமாக ஆர்முடுகும்போது கற்பாதையில் ஓடுவதுபோல் நடுங்கினால், கியர்ப்பெட்டி எண்ணெயின் நிலையைச் சோதிப்பிக்க வேண்டும்.

சோதனை ஒழுங்கு

ஓடவிடுமுன் சில்லு நட்டுகளையும் ரயரின் வீக்கத்தையும் பார்த்துவிடுக. நட்டுத் தளர்ந்த வண்டியில் வேறு சோதனை எதுவும் கூடாது. பின்னர் நின்ற நிலையில் எஞ்சினை விரைவாக ஓட்டுக. அடுத்து, வாகனமற்ற நேரான வீதியில் அதிர்வு எழும் வேகத்தை அடைந்து காலை எடுக்க. கைக்கியர் வண்டியாயின் நியூற்றலில் சிறிது தூரம் ஓடவிடுக. எஞ்சினை மாத்திரம் நிறுத்தலாகாது. பிறேக்கின் துணைவலு குன்றும், திறப்பை எடுத்தால் ஸ்ரியறிங் பூட்டிக்கொள்ளும். பின்னர் அதே வேகத்தில் கியரை மாற்றியும், மெதுவாகவும் வலிதாகவும் மிதித்தும், திருப்பத்திலும் நோக்குக. வேகம், கியர், மிதி, நிகழ்ந்தது என நான்கு நிரல்களில் உடன் செல்வோர் ஒருவர் குறித்துக்கொள்வது உத்தமம். வண்டியின் அடியில் நுழைய வேண்டின் ஜக்கை மட்டும் நம்பாது, உறுதியான தாங்கிகளை நிறுத்தி, எதிர்ச் சில்லுக்கு அடைகொடுத்தல் வேண்டும். தாங்கிகளைச் சோதிக்கையில் ஒருவர் பிறேக்கை இறுக மிதித்துக் கியரை மெல்லத் தொடுக்க, மற்றவர் பக்கத்தில் நின்று எஞ்சினின் சாய்வைக் காண்க. வண்டியின் முன்னால் எவரும் நிற்றலாகாது.

இக்குறிப்புடன் கராஜுக்குச் செல்பவர், வண்டி நடுங்குகிறது என்று மட்டும் சொல்லி நிற்கமாட்டார். மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல், வலிதாக மிதித்தால் மட்டும், எக்கியரிலும் ஒரே சுருதியில் நடுங்குகிறது என்பார். அந்த ஒரு வாக்கியம் மெக்கானிக்கின் தேடலை வண்டி முழுவதிலுமிருந்து இரண்டு மூட்டுகளுக்குக் குறைத்துவிடும். மருத்துவன் முதலில் நோயையும் பின்னர் அதன் முதலையும் ஆராய்ந்த பின்னரே மருந்தை நாடுவான். வண்டிக்கும் அவ்வொழுங்கே உரியது. நம் மாணவர் ஆய்வுகூடத்தில் மீடிறனையும் முறுக்கத்தையும் கற்கும்போது, தந்தையார் ஓட்டும் வண்டியின் அடியிலும் அவை வேலை செய்கின்றன என்பதை உணர்வாராயின், கற்ற பாடம் குடும்பத்துக்கும் காவலாகும்.