வயதான தம்பதியர் வீட்டில் இரண்டு ஃபைல்



சென்ற மாதம் மருத்துவ உதவி மனுவுடன் ஒரு தம்பதியர் நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள. பெரியவர் பணி ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. அவருடைய ஃபைலை மேசைமேல் வைத்தபோது எங்களுக்கே மலைப்பாக இருந்தது. சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி., கண் பரிசோதனை என்று எல்லாம் தேதிவாரியாக இருந்தன. அடுக்கி வைத்தது அந்த அம்மாதான். "உங்க ஃபைல் எங்கம்மா?" என்று கேட்டோம். பர்சுக்குள் நான்காக மடித்திருந்த ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். இரண்டு வருடத்துக்கு முந்தைய மருந்துச் சீட்டு. அவருக்கும் சர்க்கரை இருக்கிறது. அதே சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறார். "எனக்கென்ன பாய், நான் நடமாடிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் நடந்ததை மகன் சொன்னார். ஜும்ஆ முடிந்து பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் சாப்பிட வருவது அவர்கள் வழக்கம். அம்மா காலை ஏழு மணிக்கே சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நாஷ்டா, ஒரு டீயும் ரஸ்க்கும்தான். ஆண்கள் ஸஹனில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து, குழந்தைகளுக்கு ஊட்டி முடித்தபோது மணி இரண்டரை. அப்போது அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. கை நடுங்கி, பேச்சு குழறியது. வெயில் என்று ஒருவர் சொன்னார், வாயு என்று ஒருவர் சொன்னார். பேத்தி நர்சிங் படிக்கிறவள். அவள்தான் சர்பத்தை எடுத்துக் குடிக்கக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ்.

அது வெயிலும் இல்லை, வாயுவும் இல்லை. சர்க்கரை தாழ்ந்துபோனதுதான். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்கிறவை. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் இரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கண் மங்குதல், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை இதன் அடையாளங்கள். நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். தெளியவில்லை என்றால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். தெளிந்த பிறகு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வயதானவர்களுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடுவதைவிட இப்படித் திடீரென்று தாழ்வதால் வரும் ஆபத்து அதிகம். விழுந்து இடுப்பெலும்பு முறிவது பலமுறை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்படியானால் அந்த வெள்ளிக்கிழமை தவறு எங்கே நடந்தது? மருத்துவர் கொடுத்த மாத்திரையில் இல்லை. நம் வீடுகளில் சாப்பிடும் வரிசையில் நடந்தது. முதலில் ஆண்கள், பிறகு பிள்ளைகள், பிறகு மருமகள், கடைசியில் சட்டியில் ஒட்டியதோடு அம்மா. விருந்தோம்பல் நல்ல குணம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நல்லுபசாரத்துக்கு முதல் உரிமை யாருக்கு என்று கேட்டவரிடம் நபி (ஸல்) அவர்கள் தாய் என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் தந்தையைச் சொன்னார்கள். இந்த ஹதீஸைப் பயானில் கேட்டுக் கண்கலங்குகிற நாம்தான், வீட்டுக்கு வந்து தாய் கடைசியாகச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு கை கழுவுகிறோம். மாத்திரை போட்டவர் யாரோ அவர் முதலில் சாப்பிடட்டும். விருந்தாளி இருந்தாலும் சரி. அம்மா அடுப்படியில் நின்றபடி இரண்டு வாய் போட்டுக்கொள்வது கணக்கில் வராது.

மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள நேரத்தை ஒருமுறை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டால் போதும். மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன். தைராய்டு மாத்திரை சுபுஹு தொழுததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு. டீ, காபி, நாஷ்டா எல்லாம் அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்துத்தான். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளைத் தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். தைராய்டு குறைபாடு பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. "அசதி, வயசாயிடுச்சு" என்று பல அம்மாக்கள் சொல்வதில் இதுவும் ஒளிந்திருக்கலாம்.

அந்த அம்மாவை மகன் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது இன்னொன்று தெரியவந்தது. முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கி, தினமும் ஒரு வலி மாத்திரை போட்டு வந்திருக்கிறார். இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைச் சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்கள் நீண்ட நாள் போட்டால் சிறுநீரகம் கெடும், பிரஷரும் ஏறும். மருத்துவர் அதை நிறுத்திவிட்டு வேறு வழி சொல்லியிருக்கிறார். நேரத்தில் தெரிந்ததே பெரிய விஷயம். கணவருக்கு வருடா வருடம் பார்த்த அதே சோதனையை மனைவிக்கு ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்பதுதான் எங்களை இதை எழுத வைத்தது.

சர்க்கரை உள்ள இருவருக்கும் வேண்டியவை ஒன்றேதான். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹெச்.பி.ஏ.1.சி. சோதனை, அதற்கு வெறும் வயிறு தேவையில்லை. வருடம் ஒருமுறை விழித்திரை, சிறுநீரில் புரதம், கிரியேட்டினின். தினமும் ஒளு செய்யும்போது பாத விரல்களின் இடுக்கைப் பார்த்துக்கொள்வது தனி நேரம் எடுக்காது. பிரஷர் பார்க்கும்போது டீ குடித்து அரைமணி ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் ஊன்றி, பேசாமல் இருக்க வேண்டும். படியேறி வந்த மூச்சோடு பார்த்து, கூடுதல் மாத்திரை வாங்கி வந்தவர்களை நாங்கள் அறிவோம். ஸஜ்தாவிலிருந்து எழும்போது தலை சுற்றினால், நின்ற நிலையிலும் பிரஷரைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். உப்பளங்களுக்கு நடுவே வளர்ந்த ஊர் நம்முடையது, உப்பின் அருமை யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் ஒரே வேளையில் வந்தால் அந்தக் கணக்கு மதியத்திலேயே முடிந்துவிடும்.

எங்கே போவது? 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரை, பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். அவர்கள் வரும்போது கணவர் பெயரை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்த்துக்கொள்ளலாம். பெண்களுக்கு மார்பக, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையும் அரசு சுகாதார நிலையங்களில் உண்டு. வெட்கப்பட்டுத் தள்ளிப் போடுகிறவர்கள் மகளையோ மருமகளையோ துணைக்கு அழைத்துப் போகலாம். பெரிய சிகிச்சை என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதியோருக்கென்றே கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. முதியோர் மருத்துவம் என்ற தனித்துறையை இந்தியாவில் முதலில் தொடங்கியதும் நம் சென்னை அரசு பொது மருத்துவமனைதான், 1978-இல், டாக்டர் வி.எஸ்.நடராஜன் முயற்சியில்.

அலைச்சலைக் குறைக்க ஒரு யோசனை. வெறும் வயிற்றுச் சோதனை நாளில் சர்க்கரை மாத்திரையை முன்கூட்டிப் போடாமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் நாலு இட்லியும் இருக்கட்டும். காலை ஏழு மணிக்கு இரத்தம் கொடுத்ததும் மாத்திரையும் நாஷ்டாவும். அடுத்த சோதனைக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் ரேஷன், வங்கி வேலையை முடித்துவிடலாம். இருவரும் ஒரே நாளில் கொடுத்தால் ஒரே அலைச்சல். பழைய மாமல்லபுரம் சாலையைக் கடப்பதுதான் இன்று நம் பெரியவர்களுக்குப் பெரிய சோதனை. சிக்னல் இல்லாத இடத்தில் கடக்க வேண்டாம். வெளியூர்ப் பிள்ளைகள் பார்க்க வரும்போது கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இறங்கி, வீட்டு வாசலுக்கே வந்துவிட்டதாக நினைத்து ஃபோன் செய்வதும் நடக்கிறது. அது வண்டலூர் பக்கம், நாம் கேளம்பாக்கம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

நோன்பு நோற்க விரும்பும் சர்க்கரை நோயாளிகள் ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு, அதாவது ரஜப் முதல் பாதியிலேயே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். மாத்திரையின் அளவும் நேரமும் மாறும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களின் தீர்ப்பு. 70-க்குக் கீழ் வந்தாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிடச் சொல்கிறது மருத்துவம். நோயாளிக்குச் சலுகை அல்பகரா 184-ஆம் வசனத்திலேயே இருக்கிறது. பிறகு களாச் செய்ய முடிந்தவர் களாச் செய்யலாம். குணமாகும் வாய்ப்பில்லாதவர் ஒரு நோன்புக்கு ஓர் ஏழை என ஃபித்யா கொடுக்கலாம். ஸஹருக்கும் இஃப்தாருக்கும் சமைத்துவிட்டுத் தான் அரைவயிறு சாப்பிடும் அம்மாவுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

பிரஷர், சர்க்கரை, மாத்திரை நேரம் எழுதிக்கொள்ளும் அட்டை டிரஸ்ட் அலுவலகத்தில் அஸருக்குப் பின் கிடைக்கும். தம்பதியர் உள்ள வீட்டுக்கு இரண்டு அட்டை. ஒன்று போதும் என்று கேட்பவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அலுவலகப் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.