பல மின்னஞ்சல் முகவரிகள், ஒரே அஞ்சல்பெட்டி

ஒருவருக்கு நான்கைந்து மின்னஞ்சல் முகவரிகள் இருப்பதில் தவறில்லை. எந்த முகவரி எதற்கு என்ற வரையறை இல்லாதபோதுதான் சிக்கல். வங்கியின் எச்சரிக்கை யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். அலுவலகக் கடிதத்துக்கு வீட்டு முகவரியிலிருந்து பதில் போகும்.

ஆகவே முதல் வேலை கணக்கெடுப்பு. இருக்கும் முகவரிகளை ஒரு தாளில் எழுதி, எந்தெந்தச் சேவை எதில் பதிவாகியிருக்கிறது என்று எதிரே குறிக்க வேண்டும். என்றோ மறந்துபோன முகவரியில் காப்பீட்டுப் பாலிசி இணைந்திருப்பது இப்போதுதான் தெரியவரும். பெரும்பாலோருக்கு மூன்று முகவரிகள் போதும்: நிரந்தரமான சொந்த முகவரி, பணி முகவரி, கடைகளுக்கும் செயலிகளுக்கும் ஒன்று. வங்கி, வருமான வரி, ஆதார் ஆகியவை சொந்த முகவரியில்தான் இருக்க வேண்டும். பணி முகவரி நிறுவனத்துக்குச் சொந்தம். வேலையை விட்டதும் கைவிட்டுப் போகும்.

கடைகளுக்கெனப் புதுக் கணக்கு தொடங்காமலும் சமாளிக்கலாம். ஜிமெயிலில் பெயரை அடுத்து + குறியும் ஏதேனும் ஒரு சொல்லும் சேர்த்து, 'பெயர்+கடை' என்பதுபோலக் கொடுத்தாலும் கடிதம் அதே பெட்டிக்கு வந்துவிடும். வேண்டாத விளம்பரம் வந்தால், முகவரி எந்தக் கடையிலிருந்து கசிந்தது என்று புரியும். ஆனால் சில தளங்கள் + குறியை ஏற்பதில்லை. அந்தப் பகுதியை நீக்கினால் உண்மை முகவரியும் வெளிப்பட்டுவிடும். முகவரியை மறைக்கவே வேண்டுமென்றால் ஆப்பிளின் 'ஹைட் மை ஈமெயில்', மொஸில்லாவின் 'ஃபயர்ஃபாக்ஸ் ரிலே' போன்ற சேவைகளே ஏற்றவை.

அடுத்து, கடிதங்களை ஓரிடத்தில் படிக்க வழி செய்ய வேண்டும். மற்ற சொந்த முகவரிகளின் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங் வசதியை இயக்கினால் எல்லாம் முதன்மைப் பெட்டிக்கு வந்து சேரும். 'பெறுநர்' முகவரியை வைத்து ஃபில்டர் அமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிள் கொடுத்துவிடலாம். அலுவலக அஞ்சலை மட்டும் இப்படித் திருப்பிவிடக் கூடாது. பல நிறுவனங்கள் அதை அனுமதிப்பதில்லை.

பலரும் தடுமாறுவது பதில் அனுப்பும்போதுதான். கடிதம் எந்த முகவரிக்கு வந்தாலும், ஜிமெயில் இயல்பாக முதன்மை முகவரியிலிருந்தே பதில் அனுப்பும். பெறுபவர் அந்த முகவரியையே குறித்துக்கொள்வார். அடுத்த கடிதம் வேறு தடத்தில் போய்விடும். இதைத் தவிர்க்க, கணினியில் ஜிமெயிலைத் திறந்து, செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ் அண்ட் இம்போர்ட்' பகுதியிலுள்ள 'சென்ட் மெயில் ஆஸ்' என்ற இடத்தில் மற்ற முகவரிகளைச் சேர்க்க வேண்டும். உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்று அந்த முகவரிக்கு வரும். அதிலுள்ள இணைப்பை அழுத்த வேண்டும். பிறகு, கடிதம் வந்த முகவரியிலிருந்தே பதில் அனுப்பும் தெரிவை அதே இடத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன்பின்னும் புதிதாக எழுதும் கடிதம் முதன்மை முகவரியிலேயே தொடங்கும். அனுப்புமுன் 'ஃப்ரம்' வரியைப் பார்ப்பது கட்டாயம். தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலியில் இதே வேலையை 'மேனேஜ் ஐடென்டிட்டீஸ்' செய்கிறது.

கடைசியாக, கணக்கை மீட்கும் வழி. இரண்டு முகவரிகளை ஒன்றுக்கொன்று மீட்பு முகவரியாக மட்டும் வைத்தால், இரண்டும் பூட்டிக்கொள்ளும் நாளில் உள்ளே போக வழியிருக்காது. நடப்பிலுள்ள கைபேசி எண்ணைச் சேர்த்து, இரட்டைச் சரிபார்ப்புக்கான பேக்கப் எண்களைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனிக் கடவுச்சொல் தேவை. அரிதாகப் பயன்படும் கணக்குகளையும் அவ்வப்போது திறந்து பார்ப்பது அவசியம்: 2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அவற்றிலுள்ள கடிதங்களோடு கூகுள் நீக்கிவிடலாம்.