சிறுநீரகம் செயலிழந்தால் இதயமும் நரம்பும் பாதிக்கப்படுவது ஏன்?

மாணவர்களே, சிறுநீரகத்தைக் கழிவகற்றும் அங்கமாக மட்டும் படித்தால் விடை அரைகுறையாகும். குருதியின் நீர், உப்புச் சமநிலையைப் பேணுவதும் அதுவே.

சிறுநீரகங்கள் இரவு பகலாகச் செய்யும் வேலையை டயலிசிஸ் இயந்திரம் பொதுவாக வாரத்தில் 3 நாட்கள், ஏறத்தாழ 4 மணித்தியாலம் வீதமே செய்கிறது. இடைப்பட்ட நாட்களில் நீர், உப்பு, கழிவு ஆகியன உடலிற் சேரும்.

1. மேலதிக நீர்: குருதியின் கனவளவும் அமுக்கமும் கூடும். அதனை எதிர்த்துத் தள்ளும் இடது இதயவறையின் சுவர் நாளடைவில் தடிக்கும்.

2. பொற்றாசியம்: குருதியில் சாதாரண அளவு லீற்றருக்கு ஏறத்தாழ 3.5 - 5.0 மில்லிமூல். இதயத் தசையின் மின் தொழிற்பாடு, கலத்தின் உள்ளும் புறமும் உள்ள பொற்றாசியம் அயன் செறிவு வேறுபாட்டில் தங்கியுள்ளது. குருதியில் இது மிகுந்தால் துடிப்பின் ஒழுங்கு குலையும். இதயம் சடுதியாக நிற்கவும் கூடும்.

3. கழிவுகள்: நீளமான நரம்புகளே முதலில் பாதிப்படையும். ஆகவே விறைப்பும் எரிவும் பாதத்தில் தொடங்கும். தன்னாட்சி நரம்புகளும் பாதிக்கப்பட்டால் சிகிச்சையின்போது குருதியமுக்கம் திடீரென இறங்கலாம்.

பிரயோக வினா: டயலிசிஸ் செய்யும் அயலவரைப் பார்க்கச் செல்பவர் இளநீரும் வாழைப்பழமும் கொண்டு செல்கிறார். இது பொருத்தமானதா?

விடை: பொருத்தமன்று. இரண்டிலும் பொற்றாசியம் அதிகம். இளநீர் உடலில் நீரையும் கூட்டும். சிகிச்சை தவறியிருந்தால் ஆபத்து மேலும் அதிகம்.

கவனிக்க: "இதயம் பாதிக்கப்படும்" என்று மட்டும் எழுதாது காரணத்தையும் எழுதுக. வடமத்திய மாகாணத்தில் விவசாயக் குடும்பங்கள் பலவற்றை வாட்டிவரும் நோய் இது. இவ்விடை பரீட்சை மண்டபத்துக்கு வெளியிலும் பயன்படும்.