டப்பா தெரிகிறது, படம் தெரியவில்லை!

ஐபோனில் எடுத்த கல்யாண வீடியோவை விண்டோஸ் கணினியில் போட்டால் குரல் மட்டும் கேட்கிறதா? ஃபைல் கெட்டுவிட்டதென்று அழித்துவிடாதீர்கள். எம்.பி.4, எம்.கே.வி., எம்.ஓ.வி. எல்லாம் டப்பாவின் பெயர்கள்தான். உள்ளே படத்தைச் சுருக்கி வைத்திருக்கும் முறைக்குப் பெயர் கோடெக். அது தெரியாவிட்டால் கணினி விழிக்கும். ஃபைல் பெயரின் கடைசி மூன்றெழுத்தை மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு; சாம்பார் வாளியில் ரசம் என்று எழுதி ஒட்டுகிற வேலை அது.

2017-இல் ஐ.ஓ.எஸ். 11 வந்ததிலிருந்து புதிய ஐபோன்கள் எச்.இ.வி.சி. கோடெக்கில் பதிவு செய்கின்றன. இடம் மிச்சம், ஆனால் பல விண்டோஸ் கணினிகளுக்கு அது புரியாது. ஐபோனின் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தொடுங்கள். இனி எடுப்பவை எச்.264-இல் பதிவாகும். 2003-இல் வந்த பழைய ஆள், ஏறக்குறைய எங்கும் ஓடுவார். (4கே-யில் நொடிக்கு 60 ஃபிரேம் கேட்பவர்களுக்கு இந்த வழி உதவாது.)

ஏற்கெனவே எடுத்ததைப் பார்க்க வி.எல்.சி. என்ற மென்பொருள் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசம். உறவினர்களுக்கு அனுப்புவதென்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எச்.264-ஆக மாற்றி எம்.பி.4 ஃபைலாக அனுப்பலாம். மாற்றும்போது தரம் கொஞ்சம் குறையும். அசல் ஃபைலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.