நிழலும் நேரமும்

குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. ஆளியை அழுத்தினால் வெளிச்சம் வருகிறது. வராமல் போகும் நாளில்தான் அவற்றைப் பற்றி நாம் யோசிக்கிறோம். ஒருநாளும் நின்றுபோகாததால் நாம் யோசிக்கவே யோசிக்காத ஒன்றும் உண்டு. அது நேரம்.

புவியியல் பாடத்தில் நான் மாணவிகளிடம் கேட்பதுண்டு: "இன்று ளுஹர் எத்தனை மணிக்கு?" பதில் உடனே வரும். "எப்படித் தெரியும்?" என்றால், "கலண்டரில் இருக்கிறது", "போனில் இருக்கிறது" என்பார்கள். "போனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதிக்கான பதிலே இக்கட்டுரை.

ஐவேளைத் தொழுகையின் நேரங்கள் மணிக்கூட்டை வைத்து விதிக்கப்பட்டவை அல்ல. அவை சூரியனோடு பிணைந்தவை. கிழக்கு அடிவானத்தில் வெளிச்சம் பரவும்போது சுபஹ். சூரியன் உச்சி சாய்ந்ததும் ளுஹர். பொருளின் நிழல், உச்சிநேர நிழலுக்கு மேலதிகமாக அப்பொருளின் உயரமளவு நீண்டதும், நம் நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி அஸர். சூரியன் மறைந்ததும் மஃரிப். செவ்வானம் மறைந்ததும் இஷா.

ஒரு மீற்றர் நீளமான தடியைக் கொழும்பில் நேராக நட்டுப் பார்ப்போம். ஏப்ரல் முதல் வாரத்தின் பிற்பகுதியில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருவதால் உச்சிநேரத்தில் நிழலே இராது. ஜூன் பிற்பகுதியில் நிழல் தெற்குப் பக்கமாக ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் விழும். டிசம்பர் பிற்பகுதியில் அதுவே வடக்குப் பக்கமாக 59 சென்ரிமீற்றர் வரை நீளும். ஆகவே அஸர் நேரத்தை அறிய ஏப்ரலில் ஒரு மீற்றர் நிழலையும், டிசம்பரில் ஒரு மீற்றர் 59 சென்ரிமீற்றர் நிழலையும் பார்க்க வேண்டும். எழுத்தறியாத ஒருவரும் ஒரு தடியைக் கொண்டு இதை அறிந்துகொள்ளலாம்.

இந்தத் தேவையிலிருந்து ஒரு கல்வியே வளர்ந்தது. பெரிய பள்ளிவாசல்களில் நேரம் கணிப்பதற்கென்றே 'முவக்கித்' என்ற அறிஞர்கள் இருந்தார்கள். டமஸ்கஸ் உமையா பள்ளிவாசலின் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாத்திர் 1371ஆம் ஆண்டளவில் அதன் மினாராவுக்கெனச் சூரியக் கடிகாரம் ஒன்றை அமைத்தார். நம் ஊர்களிலும் ஒலிபெருக்கி வருமுன் பள்ளிவாசலில் நகரா அடித்து நேரத்தை அறிவித்தார்கள்.

பிறகு மணிக்கூடு வந்தது. மணிக்கூடு காட்டுவது சூரியனின் நேரம் அன்று. மனிதர் பேசி ஒத்துக்கொண்ட நேரம். நமது நியம நேரம் கிழக்கு நெடுங்கோடு 82½ பாகைக்கு உரியது. கொழும்போ ஏறத்தாழ 80 பாகையில் இருக்கிறது. அதனால்தான் கொழும்பில் சூரியன் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு உச்சிக்கு வருவதில்லை. பெப்ரவரியில் 12.25 அளவிலும், நவம்பர் தொடக்கத்தில் 11.54 அளவிலும் வருகிறது. 1996இல் மின்சாரத்தை மிச்சப்படுத்த நாட்டின் மணிக்கூடுகள் முன்னே நகர்த்தப்பட்டன. 2006இல்தான் பழைய நேரம் முழுமையாகத் திரும்பியது. அந்தப் பத்தாண்டிலும் நிழல் மாறவில்லை. தொழுகை நேர அட்டவணையைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

இன்று கையடக்கத் தொலைபேசி நாம் நிற்கும் இடத்தைச் செய்மதி மூலம் அறிந்து, திகதியைக் கொண்டு சூரியனின் நிலையைக் கணித்துச் சொல்கிறது. முவக்கித் செய்த கணக்கைத்தான் அது ஒரு நொடியில் செய்கிறது. இது பெரிய நிஃமத், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கணக்கு எது என்று தெரியாதபோது பிழையும் கண்ணில் படாது.

நோன்பு காலத்தை எண்ணிப் பாருங்கள். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடமாகும். கொழும்பை விட மட்டக்களப்பு ஏறத்தாழ 1.8 பாகை கிழக்கே இருப்பதால், அங்கு வைகறையும் மாலையும் சுமார் ஏழு நிமிடம் முந்துகின்றன. கொழும்பு நேரத்தின்படி நோன்பு திறக்கும் மட்டக்களப்புப் பிள்ளை சற்றுத் தாமதிப்பாள், நோன்புக்குப் பாதகமில்லை. ஆனால் கொழும்பு நேரம்வரை சஹர் உண்டால் சுபஹ் வந்த பின்பும் உண்டவளாவாள். செயலியில் ஊர் மாறியிருந்தாலும் இதே கதைதான். மேலும், சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கும்போது சுபஹ் என்பதில் செயலிகள் வேறுபடுகின்றன. சில 15 பாகை என்றும் சில 18 பாகை என்றும் கொள்கின்றன. நம் நாட்டில் இது பன்னிரண்டு நிமிடத்துக்கும் மேற்பட்ட வித்தியாசம். அஸருக்கு ஹனபி முறை தெரிவாகியிருந்தால், நிழல் இரு மடங்கு நீளும்வரை அது காத்திருக்கும்.

எனவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் செயலியில் எந்த ஊரும் எந்தக் கணிப்பு முறையும் தெரிவாகியுள்ளன என்று பிள்ளைகளோடு இருந்து பாருங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

மாணவிகளே, உங்களுக்கு ஒரு செய்முறை. விடுமுறை நாளொன்றில் முற்றத்தில் ஒரு மீற்றர் தடியை நேராக நடுங்கள். காலை 11.30 முதல் பிற்பகல் 1 மணிவரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சிறு கல் வையுங்கள். மிகக் குட்டையான நிழலின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அட்டவணையின் ளுஹர் நேரத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் சில நிமிடங்களுக்குள் ஒத்துவரும். வீட்டில் மூத்தம்மா இருந்தால் அவரையும் அருகில் அழைத்துக்கொள்ளுங்கள். நிழல் பார்த்து வேலை முடித்த தலைமுறை அது. கல் வைக்காமலே அவர் நேரம் சொல்லக்கூடும்.