இடுப்புப் பிடிப்பிற்கு ஒரு தரை அப்பியாசம்

நாற்று நடுவோரும் களை பறிப்போரும் பகல் முழுவதும் குனிந்தே நிற்பதால், அந்தியில் இடுப்பு பிடித்துக்கொள்வதை அங்கத்தினர் யாவரும் அறிவர். இதற்குக் காசு செலவில்லாத அப்பியாசம் ஒன்றுண்டு. பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி, கைகளைத் தோள் மட்டத்தில் விரித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் இரு முழங்கால்களையும் சேர்த்தவாறே மெதுவாக வலப்புறம் சாய்த்து, ஐந்தாறு மூச்சு அளவு நிறுத்தி, இடப்புறமும் அவ்வாறே செய்க. தோள்கள் தரையை விட்டு எழலாகாது. முழங்கால் தரையைத் தொட்டே தீரவேண்டுமென்பதில்லை. இடுப்பிலுள்ள 5 முள்ளெலும்புகள் சிறிதளவே திரும்பவல்லவை. திருப்பம் பெரும்பாலும் மார்புப் பகுதி முதுகெலும்பிலும் தொடை மூட்டிலும் நிகழ்வது. ஆதலின் பிறரைக்கொண்டு முழங்காலை அழுத்தச் செய்வது, அன்பினால் செய்யினும், கேடே. நாட்பட்ட வலியெனினும் பொறுமையாய்ப் பழகலாம்; ஆனால் கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, அப்பியாசத்தை விடுத்து அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும்.