மலைமேல் இருக்கும் கருவிக்கும் கணக்கு: மருத்துவக் கருவிப் பரிசோதனைக்குச் சொந்த சாஃப்ட்வேர் அமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும்போது செல்போன் டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். கருவிகளின் மின் பாதுகாப்பை அளக்கும் சேஃப்டி அனலைசரைப் பையில் போட்டுக்கொண்டு மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போகிற பயோமெடிக்கல் இன்ஜினியருக்கு அன்று முழுக்க நோட்டும் பேனாவும்தான் துணை. மாலையில் இறங்கி வந்து, அசதியோடு அந்த எண்களை எக்செல்லில் ஏற்றும்போது 0.18 என்பது 0.81 ஆகிவிடக்கூடும். ஒரு கருவியின் எர்த் இணைப்பில் 0.18 ஓம் இருந்தால் நல்லது, 0.81 இருந்தால் அதை நோயாளியின் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஐ.இ.சி. 62353 தரநிலைப்படி, இந்த எர்த் தடை மின்கம்பியையும் சேர்த்து 0.3 ஓமைத் தாண்டக் கூடாது.

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26-இல் பிறந்தது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கருவிகள் பெருகிவிட்டன, அவற்றைச் சோதிக்கும் கைகள் குறைவு. ஒரு சிறிய பயோமெடிக்கல் பிரிவும், புரோகிராம் எழுதத் தெரிந்த ஓரிருவரும் சேர்ந்து உருவாக்கக்கூடிய சாஃப்ட்வேருக்கான வழி இது.

படி 1: எது உங்கள் வேலை இல்லை?

பராமரிப்பு வேறு, பரிசோதனை வேறு. மத்திய அரசு 2015-இல் கொண்டுவந்த பயோமெடிக்கல் கருவிப் பராமரிப்புத் திட்டம், கருவிகள் எவ்வளவு நேரம் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது: மாவட்ட மருத்துவமனையில் 95%, சமுதாய சுகாதார நிலையத்தில் 90%, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80%. 'ஓடுகிறதா?' என்பதற்கு அந்த இலக்கு பதில் சொல்லும். 'சரியாக ஓடுகிறதா?' என்பதற்குச் சொல்லாது. இரண்டாவது கேள்விதான் உங்களுடையது.

எக்ஸ்ரே கருவிகளின் தரச் சோதனைக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா தளம் இருக்கிறது. அதை மறுபடி கட்ட வேண்டாம். அடுத்த சோதனைத் தேதியை மட்டும் குறித்து வையுங்கள். நோயாளிகளின் பெயரோ விவரமோ எங்கும் வேண்டாம்.

படி 2: நான்கு பட்டியல்கள்

கருவிகள், சோதனை முறைகள், சோதிக்கும் உபகரணங்கள், சோதனைப் பதிவுகள். டேட்டாபேஸில் இந்த நான்கும் தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. எஸ்க்யூலைட், போஸ்ட்கிரெஸ் போன்ற இலவச மென்பொருட்களே இதற்குத் தாராளம்.

கருவிக்கு நீங்களாகப் புது எண் கொடுக்காதீர்கள். அரசுக் கருவியில் ஏற்கெனவே சொத்து எண் இருந்தால் அதையும், கம்பெனி பொறித்த சீரியல் எண்ணையும் அப்படியே எடுங்கள். அந்த எண்களைத் தாங்கிய க்யூஆர் ஸ்டிக்கரை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கும் இடத்தில் ஒட்டினால் நிற்காது, பின்புறம் ஒட்டுங்கள்.

பலரும் விட்டுவிடுவது மூன்றாவது பட்டியலை. கருவியைச் சோதிக்கும் அனலைசரைச் சோதித்தது யார்? அது என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் போய் கேலிப்ரேஷன் சான்றிதழோடு திரும்பியிருக்க வேண்டும். சான்றிதழ் காலாவதியான அனலைசரைத் தேர்ந்தெடுத்தால் சாஃப்ட்வேர் அடுத்த பக்கத்துக்கே போகக் கூடாது. இன்னொன்றும் உண்டு. ஆண்டு முடிவில் கேலிப்ரேஷனுக்கு அனுப்பிய அனலைசர் பிழையாகக் காட்டுகிறது என்று அறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சரியாக இருந்த நாளிலிருந்து அதை வைத்துச் சோதித்த கருவிகள் எவை, இப்போது எந்தெந்த ஊரில் இருக்கின்றன? நோட்டில் இதைத் தேட நாள்கணக்கில் ஆகும். இந்த ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் வருமானால், சாஃப்ட்வேருக்குச் செலவிட்ட உழைப்புக்குப் பலன் கிடைத்துவிட்டது.

படி 3: 'சரி' என்று ஒரு பொத்தான் வைக்காதீர்கள்

ஒரு மருத்துவமனையின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு: 'சரி', 'சரி', 'சரி'. ஓர் எண் கூட இல்லை. யாரோ ஒரே மூச்சில் எழுதியது என்பது பார்த்தவுடன் தெரிந்தது. டிக் அடிக்கும் பொத்தான் வைத்தால் சாஃப்ட்வேரிலும் அதேதான் நடக்கும்.

அளவை மட்டும் கேளுங்கள். டெஃபிப்ரிலேட்டரில் 200 ஜூல் வைத்து அனலைசரில் பாய்ச்சினால், டெஃபிப்ரிலேட்டருக்கான தரநிலை 15% வரை வித்தியாசத்தை அனுமதிக்கிறது. அதாவது 170-இலிருந்து 230 வரை. சோதிப்பவர் 188 என்று எழுதட்டும், தேறியதா என்பதைச் சாஃப்ட்வேர் சொல்லட்டும். சென்ற முறை 198, அதற்கு முந்தைய முறை 204 என்று பக்கத்திலேயே தெரிந்தால், தேறிய கருவியும் சரிந்துகொண்டே வருவது கண்ணில் படும். எண்ணை எழுதி வைப்பதன் அருமை அப்போது புரியும்.

படி 4: மலைக்கென்று ஒரு கட்டம்

கல்வராயன் மலை சுமார் 2000 அடியிலிருந்து 3000 அடி வரை உயரம். 3000 அடியில் காற்றழுத்தமே ஏறத்தாழ 680 மி.மீ. பாதரசம்தான். கடல் மட்டத்தில் அது 760. சக்ஷன் மெஷினின் கையேட்டில் '700 மி.மீ. வரை உறிஞ்சும்' என்று இருந்தால், அந்த உயரத்தில் எவ்வளவு நல்ல மெஷினாலும் அந்த எண்ணைத் தொட முடியாது. சுற்றியிருக்கும் காற்றழுத்தத்தைவிட அதிகமாக எந்தப் பம்பும் உறிஞ்சாது. கையேட்டு எண்ணை அப்படியே வரம்பாகப் போட்டால், மலைமேல் உள்ள நல்ல கருவியெல்லாம் 'தோல்வி' என்று கீழே இறங்கி வரும். சளியை உறிஞ்ச வேண்டிய பச்சிளம் குழந்தை அங்கே காத்திருக்கும்.

ஆகவே ஒவ்வொரு பதிவிலும் இடம், வெப்பநிலை, காற்றழுத்தம் ஆகிய மூன்றும் இருக்கட்டும். வரம்பை இடத்துக்கேற்பக் கணக்கிடும்படி சோதனை முறையை எழுதுங்கள்.

படி 5: டவர் இல்லாமலே முழுதாக ஓட வேண்டும்

எல்லாப் பதிவும் முதலில் டேப்லெட்டிலேயே சேமிக்கப்பட்டு, டவர் கிடைத்ததும் சர்வருக்குப் போகட்டும். பதிவு எண்ணை சர்வர் தரும் என்று விட்டுவிட்டால் மலையில் வேலை நின்றுவிடும். ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் ஓர் எழுத்து கொடுத்து, க-0001, ச-0001 என்று அதுவே எண் போட்டுக்கொண்டால் மோதல் வராது. அனலைசரின் திரையைப் படமெடுத்துப் பதிவோடு இணைக்கவும் வழி வையுங்கள். 0.18-ஆ 0.81-ஆ என்ற சந்தேகத்தை அந்தப் படம் தீர்த்துவிடும்.

படி 6: அழிக்க விடாதீர்கள்

பழைய அலுவலகப் பதிவேடுகளில் தவறை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடுவார்கள். அடித்ததும் படிக்கும்படி இருக்கும். ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025-இன் 2017 பதிப்பும் அதையே கேட்கிறது: முதலில் எழுதியது, திருத்தியது, திருத்தியவர், தேதி என எல்லாம் நிற்க வேண்டும். சோதித்தவரே ஒப்புதலும் தர முடியாதபடி உள்நுழைவுகளைப் பிரித்து வையுங்கள்.

படி 7: சாஃப்ட்வேரையும் சோதியுங்கள்

பயன்பாட்டுக்கு வரும் முன் மென்பொருளைச் சரிபார்க்க வேண்டும் என்பதும் அதே ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலையின் விதி. 0.29, 0.30, 0.31 என்று வரம்பின் விளிம்பிலுள்ள எண்களைக் கொடுத்துப் பாருங்கள். காலாவதியான அனலைசரை வேண்டுமென்றே தேர்ந்தெடுங்கள். பதிவின் நடுவில் டேப்லெட்டை அணையுங்கள். நகல் எடுத்து வைத்த டேட்டாபேஸை வேறொரு கணினியில் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். நடந்ததை எழுதிக் கோப்பில் வையுங்கள்.

எல்லாக் கருவியையும் ஒரே நாளில் ஏற்ற முயல வேண்டாம். ஒரு சுகாதார நிலையம், ஒரே ஒரு கருவி வகை என்று தொடங்குங்கள். புரோகிராம் எழுதுபவரை ஒருநாள் இன்ஜினியரோடு மலைக்கு அனுப்புங்கள். முதல் மூன்று மாதம் காகிதப் பதிவேட்டையும் கூடவே எழுதி வாருங்கள்; இரண்டும் ஒத்துப்போன பிறகு காகிதத்தை மூடிவிடலாம்.